செய்தவனும் செயலும்: ஆங்கிலச் செயப்பாட்டுவினை பற்றிய இரு தப்பெண்ணங்கள்

ஆங்கில வினைகள் செய்வினை, செயப்பாட்டுவினை என இரு பாற்படும் என்பது பாடசாலைப் பருவத்திலேயே மாணவர் அறிந்துகொள்ளும் செய்தியாகும். செயப்படுபொருளை எழுவாயின் இடத்திற்குக் கொணர்க; வினையைப் 'பி' என்னும் துணைவினையோடும் இறந்தகால எச்சவடிவத்தோடும் அமைக்க; பழைய எழுவாயைப் 'பை' என்னும் முன்னிடைச்சொல்லின் பின் வைக்க. இம்மூன்று படிகளையும் பிழையின்றிச் செய்துகாட்டும் மாணவன் முழுப்புள்ளி பெறுகின்றான். ஆனால், இவ்வாறு மாற்றுவது எதற்காக என்ற வினாவை அப்பயிற்சி எழுப்புவதில்லை. இரு வாக்கியங்களும் ஒரே பொருளை உணர்த்தும் இரு சட்டைகள் போன்றவை என்ற எண்ணமே அவன் உள்ளத்தில் நிலைபெறுகின்றது.

அதே மாணவன் பல்கலைக்கழகத்திற்கு வந்து ஆங்கிலத்தில் கட்டுரை வரையத் தொடங்கும்போது, முற்றிலும் மாறான ஓர் உபதேசத்தை எதிர்கொள்கின்றான். செயப்பாட்டுவினை வலுவற்றது, மழுப்பலானது, நேர்மையற்றது. ஆதலின் அதனைத் தவிர்க்க வேண்டும் என நடைநூல்கள் விதிக்கின்றன. இரண்டும் ஒன்றே என்பது முதலாவது கருத்து. ஒன்று நன்று, மற்றையது தீது என்பது இரண்டாவது கருத்து. இவ்விரண்டும் ஆராய்ந்து நோக்குமிடத்து நிலைபெறமாட்டா. அவற்றின் குறைபாட்டை எடுத்துக்காட்டி, செயப்பாட்டுவினையின் உண்மையான பணி யாது என்பதையும், அதனை மொழிபெயர்ப்பின் வாயிலாகப் பெருமளவில் ஏற்றுக்கொண்ட தமிழ் உரைநடை எதனை மனங்கொள்ள வேண்டும் என்பதையும் நோக்குவது இக்கட்டுரையின் எல்லையாகும்.

ஆங்கிலம் இவ்வடிவத்தை நாடியமைக்கான காரணங்கள்

பழைய ஆங்கிலம் வேற்றுமை உருபுகள் நிறைந்த மொழி. எச்சொல் எழுவாய், எச்சொல் செயப்படுபொருள் என்பதை அவ்வுருபுகளே காட்டின. ஆதலின் சொற்கள் இடம்பெயர்ந்து நிற்பதற்கு ஓரளவு சுதந்திரம் இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அவ்வுருபுகள் தேய்ந்து மறைந்தன. அதன் பின்னர் சொல்லின் இடமே அதன் தொழிலை உணர்த்துவதாயிற்று. வினைக்கு முன் நிற்பது எழுவாய், பின் நிற்பது செயப்படுபொருள் என்ற ஒழுங்கு இறுகியது. 'புலி வேடனைக் கொன்றது' என்பதை 'வேடனைப் புலி கொன்றது' எனத் தமிழில் மாற்றலாம், பொருள் திரிவதில்லை. ஆங்கிலத்தில் பெயர்களை இடமாற்றினால் கொன்றவன் வேடனாகிவிடுவான். எனவே வேடனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ஆங்கிலேயன், அவனைத் தொடர்ந்து முன்னிலையில் நிறுத்த விரும்பினால், வினையின் வடிவத்தையே மாற்ற வேண்டியவனாகின்றான். பிராக் வட்டத்தைச் சேர்ந்த விலெம் மத்தேசியுஸ் என்ற அறிஞர் ஆங்கிலச் செயப்பாட்டுவினையின் பெருவழக்கிற்கு இவ்வாறான விளக்கத்தையே அளித்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜெர்மன் மொழியிலே செய்தவனைக் குறிப்பிடாது பேசுவதற்கு 'மன்' என்னும் பொதுப்பெயர் இன்றும் பயன்படுகின்றது. பிரெஞ்சு மொழிக்கு 'ஓன்' உண்டு. பழைய ஆங்கிலத்திலும் அத்தகைய ஒரு சொல் வழங்கியது. இடைக்காலத்தின் பின் அது வழக்கொழிந்தது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தின் பெரும்பகுதியைச் செயப்பாட்டுவினை நிரப்பிற்று. ஆகவே அது செய்வினையின் நிழலன்று. மொழி வரலாற்றில் எழுந்த இரு தேவைகளுக்கு விடையாக வளர்ந்த வடிவம்.

ஒட்டோ ஜெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட 'இலக்கணத்தின் தத்துவம்' என்னும் நூலில் தரும் ஒரு கணக்கு ஈண்டு குறிப்பிடத்தக்கது. அவருடைய மாணவர் சிலர் பல்வேறு எழுத்தாளர்களின் நூல்களை ஆராய்ந்தனர். அந்நூல்களிலுள்ள செயப்பாட்டு வாக்கியங்களில் நூற்றுக்கு 70 முதல் 94 வரையானவை செய்தவனைக் குறிப்பிடவேயில்லை என அவர்கள் கண்டனர். பாடசாலைப் பயிற்சியின் மூன்றாவது படியான 'பை' சேர்த்தல், உண்மையான வழக்கில் அருகியே காணப்படுகின்றது என்பது இதனாற் போதரும். வினைமுதல் தெரியாதபோது, வெளிப்படையாக இருப்பதாற் சொல்ல வேண்டாதபோது, நயம் கருதி மறைக்கவேண்டியபோது, செயலுக்கு உட்பட்டவரிடத்தே கவனம் கூடுதலாக உள்ளபோது, முன்வாக்கியத்தோடு பின்வாக்கியத்தை இணைக்கவேண்டியபோது என இவ்வடிவம் பயிலும் சூழல்களை ஜெஸ்பர்சன் வகுத்துக் காட்டினார். செய்வினையிலிருந்து மாற்றப்படுவதற்காகவே செயப்பாட்டு வாக்கியம் பிறப்பதில்லை; பெரும்பாலும் மாற்றுவதற்குரிய வினைமுதல் அங்கே இல்லை.

இரண்டும் ஒன்றே என்னும் தப்பெண்ணம்

1957இல் நோம் சோம்ஸ்கி வெளியிட்ட 'தொடரியல் அமைப்புகள்' என்ற சிறுநூல் செயப்பாட்டு வாக்கியத்தைச் செய்வினை வாக்கியத்தோடு ஓர் உருமாற்ற விதியால் தொடர்புபடுத்தியது. பாடசாலை விதிக்கு விஞ்ஞான அங்கீகாரம் கிடைத்துவிட்டதாக மேலோட்டமாகப் பார்ப்போர் கருதக்கூடும். ஆனால் அதே நூலில் இரண்டும் எப்போதும் ஒரு பொருளன அல்ல என்பதற்குரிய சான்றையும் சோம்ஸ்கி காட்டியுள்ளார். அறையில் உள்ள ஒவ்வொருவரும் குறைந்தது இரு மொழிகளை அறிவர் என்பது செய்வினை. ஒருவர் தமிழும் சிங்களமும் அறிந்தவராகவும், மற்றொருவர் ஆங்கிலமும் பிரெஞ்சும் அறிந்தவராகவும் இருந்தால் அது மெய்யே. இதனைச் செயப்பாட்டுவினையாக்கி, குறைந்தது இரு மொழிகள் அறையில் உள்ள ஒவ்வொருவராலும் அறியப்பட்டவை என்றால், எல்லோருக்கும் பொதுவான இரு மொழிகள் உள்ளன என்ற பொருளே முற்பட்டு நிற்கின்றது. சொற்கள் அவையே, ஆயின் மெய்மை மாறிவிடுகின்றது.

மாற்றமுடியாத வினைகளும் பல உள. 'ஹாவ்' என்னும் வினை உடைமையைக் குறிக்கும்போதும், ஒப்புமை கூறும் 'றிசெம்பிள்', விலை கூறும் 'கொஸ்ற்' முதலியனவும் செயப்படுபொருள் போன்ற ஒன்றை ஏற்கின்றன. ஆனால் செயப்பாட்டு வடிவத்தை ஏற்பதில்லை. தந்தையை ஒத்திருக்கும் மகனால் தந்தைக்கு யாதும் நேர்வதில்லை. மறுபுறம், செய்வினை மூலமே இல்லாத செயப்பாட்டு வடிவங்களும் உண்டு. ஒருவர் செல்வர் எனச் சொல்லப்படுகின்றார் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரை அதே அமைப்பிற் செய்வினையாக மாற்றினால் வழுவாய் முடியும். இன்னும் நுட்பமான ஒன்றுண்டு. இப்படுக்கையில் எவரோ உறங்கியிருக்கின்றனர் என்பதை ஆங்கிலம் செயப்பாட்டுவினையாற் கூறும். இங்கு எழுவாயாவது முன்னிடைச்சொல்லைத் தழுவிநின்ற இடப்பெயர். உறங்கியவரின் தடம் படுக்கையிற் பதிந்திருப்பதே அதற்கு இடமளிக்கின்றது. தடம் யாதும் விடாத செயலுக்கு இவ்வாறான வாக்கியம் பொருந்தாது. செயலுக்கு உட்பட்டது யாது, அதற்கு நேர்ந்தது யாது என்ற நோக்கே இவ்வடிவத்தின் உயிர்நிலை என்பது இதனால் விளங்கும்.

தீதென்னும் தப்பெண்ணம்

செயப்பாட்டுவினையை இகழும் போக்கு இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. கோர்னல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் மாணவருக்காக அச்சிட்ட சிறுநூல், செய்வினையைப் பயன்படுத்துக என விதித்தது. ஈ. பி. வைற் அதனைத் திருத்தி விரித்து 1959இல் வெளியிட்ட பின்னர் அது அமெரிக்கக் கல்வியுலகின் வேதம் போலாயிற்று. செயப்பாட்டுவினை பல வேளைகளில் வசதியானது, சில வேளைகளில் இன்றியமையாதது என்றும் அந்நூல் கூறியிருந்தது. பின்வந்தோர் விதியை மனங்கொண்டனர், விதிவிலக்கை மறந்தனர். அந்நூல் அவ்விதியின் கீழ்த் திருத்திக்காட்டும் நான்கு வாக்கியங்களுள் மூன்றில் செயப்பாட்டுவினையே இல்லை என மொழியியலாளர் ஜெப்றி புல்லம் 2009இல் சுட்டிக்காட்டினார். உதிர்ந்த இலைகள் தரையிற் கிடந்தன என்னும் கருத்துடைய வாக்கியம் அவற்றுள் ஒன்று. மந்தமான வாக்கியம் எதுவாயினும் அதனைச் செயப்பாட்டுவினை எனக் குற்றஞ்சாட்டும் வழக்கம் இவ்வாறு பரவிற்று.

இக்கண்டனத்திற்கு அறவியல் வலிமை அளித்தவர் ஜோர்ஜ் ஓர்வெல். 1946இல் 'ஹொறைசன்' இதழில் வெளிவந்த 'அரசியலும் ஆங்கில மொழியும்' என்னும் அவரது கட்டுரை, செய்வினை இயலுமிடத்துச் செயப்பாட்டுவினையை ஒருபோதும் கையாளற்க என விதித்தது. சோம்பிய மொழி சோம்பிய சிந்தனையை வளர்க்கும். அச்சிந்தனை கொடுமைகளுக்குத் திரையாகும் என்பது அவரது வாதம். அவ்வாதத்தின் நேர்மை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆனால் அவர் குற்றவாளியெனப் பிடித்த வினைவடிவம் குற்றவாளிதானா என்பதே கேள்வி.

அக்கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே செயப்பாட்டுவினை இடம்பெறுகின்றது. செயப்பாட்டுவினையைக் கண்டிக்கும் வாக்கியமே செயப்பாட்டுவினையால் அமைந்துள்ளது. 1989இல் வெளிவந்த வெப்ஸ்ரர் ஆங்கில வழக்கு அகராதி ஓர் ஒப்பீட்டைத் தருகின்றது: பருவ இதழ்களை ஆராய்ந்த ஓர் ஆய்விற் கண்ட மிகக்கூடிய செயப்பாட்டு அளவு நூற்றுக்கு 13, ஓர்வெலின் அக்கட்டுரையிலோ அது நூற்றுக்கு 20ஐச் சற்றுத் தாண்டியது. இதனைக் கொண்டு அவரை எள்ளி நகையாடுதல் எளிது. அதனால் யாதும் பயனில்லை. அவருடைய கட்டுரையின் உச்சமான பகுதியை நோக்குவதே தகும். அரசுகள் 'அமைதிப்படுத்தல்' எனப் பெயரிடும் செயலின் உண்மை உருவத்தை அங்கு அவர் விரிக்கின்றார். காவலற்ற கிராமங்கள் வானிலிருந்து குண்டுவீசித் தாக்கப்படுகின்றன, குடிமக்கள் துரத்தப்படுகின்றனர், கால்நடைகள் சுடப்படுகின்றன என்ற கருத்துடைய அப்பகுதி முழுவதும் செயப்பாட்டுவினைகளால் நடக்கின்றது. வினைமுதல் எங்கும் சொல்லப்படவில்லை. ஆயினும் அப்பகுதியைப் படிக்கும் எவரும் அதனை மழுப்பல் என்னார். கிராமமும் மக்களும் மாடுகளும் ஒவ்வொன்றாகக் கண்முன் நிற்கின்றன. துன்புற்றோரை எழுவாயாக நிறுத்தும் ஆற்றல் செயப்பாட்டுவினைக்கே உரியது. ஓர்வெல் தம் விதியை மீறியமையாலேயே அப்பகுதி உயிர்பெற்றது.

அங்கு கொடுமையை மறைத்தது எது? 'அமைதிப்படுத்தல்' என்னும் தொழிற்பெயர். அதிலே செய்தவனும் இல்லை, துன்புற்றவனும் இல்லை, காலமும் இல்லை. வினை வினையாக நிற்கும்வரை, 'யார்?' என்று கேட்பதற்கு இடம் இருக்கின்றது. வினை பெயராக உறைந்துவிட்டால் அக்கேள்வி எழுவதே அரிதாகின்றது. ஓர்வெல் பெயர்த்தொடர்களின் பெருக்கத்தையும் கண்டித்தாரெனினும், பின்வந்தோரின் நினைவில் நின்றது செயப்பாட்டுவினைக்கு எதிரான விதியே.

பொறுப்பு மறையும் இடங்கள்

இதனால் செயப்பாட்டுவினை பொறுப்பை மறைக்கப் பயன்படுவதில்லை எனக் கொள்ளலாகாது. 1987 ஜனவரி 27ஆந் திகதி, ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி அமெரிக்க ஜனாதிபதி றொனால்ட் றேகன் காங்கிரசில் ஆற்றிய உரை இதற்குத் தக்க சான்று. துணிந்து ஒரு முயற்சியில் இறங்கியதைக் கூறுமிடத்து அவர் தன்மை ஒருமை எழுவாயுடன் செய்வினையைக் கையாண்டார். அம்முயற்சி பலிக்காமைக்கு முழுப்பொறுப்பை ஏற்பதாகவும் செய்வினையிலேயே கூறினார். ஆனால் தவறுகளைப் பற்றிக் கூறும் இடம் வந்ததும், பாரதூரமான தவறுகள் இழைக்கப்பட்டன எனச் செயப்பாட்டுவினைக்கு மாறினார். துணிவுக்கு உரியவர் உண்டு. தவறுகளுக்கு உரியவர் இல்லை. பொறுப்பேற்கும் சொல்லுக்கும் தவறிழைத்த செயலுக்கும் இடையே இலக்கணம் ஒரு வேலி இடுகின்றது.

செய்தித்தாள்களின் மொழியை இந்நோக்கில் ஆராய்ந்தவர்களுள் ரொனி ட்றூ குறிப்பிடத்தக்கவர். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் 1979இல் வெளியிட்ட 'மொழியும் கட்டுப்பாடும்' என்ற நூலில் அவரது ஆய்வு இடம்பெற்றது. 1975 யூன் மாதத் தொடக்கத்தில், அன்றைய றொடீசியாவின் தலைநகரான சொல்ஸ்பரியில், பொலிசார் ஆபிரிக்க மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். 'கார்டியன்' பத்திரிகையின் தலைப்பு பொலிசாரை எழுவாயாக்கிச் செய்வினையில் அமைந்தது. 'ரைம்ஸ்' பத்திரிகை இறந்தோரை எழுவாயாக்கிச் செயப்பாட்டுவினையை ஆண்டது; அவ்வெழுவாய்க்குக் கலகஞ்செய்யும் என்ற அடையையும் சேர்த்தது. பொலிசார் வாக்கியத்தில் இருந்தனர். ஆனால் 'பை' என்னும் சொல்லின் பின்னே நின்றனர். அடுத்த நாட் செய்தியிலோ அவர்கள் அங்கும் இல்லை. கலவரத்தின்போது பதின்மூவர் கொல்லப்பட்டனர் என்பதே எஞ்சியது. கொன்றவர் நீங்க, கலவரமே கொலைக்குக் காரணம் போலத் தோற்றமளிக்கின்றது.

இவ்வாய்வு உணர்த்தும் பாடத்தை நுணுகி அறிதல் வேண்டும். முதல்நாள் தலைப்பிற் பழியைச் சுமத்தியது செயப்பாட்டுவினை அன்று. கலகஞ்செய்யும் என்ற அடையே. இரண்டாம் நாளில் மறைப்பை முடித்துவைத்தது வினைமுதலின் நீக்கமும், அவ்விடத்தைக் 'கலவரம்' என்ற பெயர் பற்றிக்கொண்டமையும் ஆகும். வினைவடிவம் ஒரு வாயிலைத் திறந்துவிடுகின்றது. அதன் வழியாக எதனை வெளியேற்றுவது என்பதை எழுதுபவனே தீர்மானிக்கின்றான். செய்வினையாலும் அதே மறைப்பைச் செய்யலாம். கலவரம் பதின்மூவரைப் பலிகொண்டது என்பது இலக்கணப்படி செய்வினையே. ஆனால் அது பொலிசாரைப் பற்றி ஒரு சொல்லும் உரைப்பதில்லை. ஸ்ட்ரங்கின் விதி இவ்வாக்கியத்தை வரவேற்கும், மனச்சான்று வரவேற்காது.

விஞ்ஞான ஆய்வறிக்கைகளின் நிலை வேறு. கரைசல் வெப்பமேற்றப்பட்டது எனும்போது வெப்பமேற்றியவர் எவர் என்பது பொருட்டன்று. எவர் செய்யினும் அதே விளைவு கிட்டவேண்டும் என்பதே விஞ்ஞானத்தின் கோரிக்கை. அங்கு வினைமுதலின் மறைவு நேர்மைக்கு மாறானதன்று. ஆனால் ஒரு கருதுகோளை முன்வைப்பதும் ஒரு விளைவுக்குப் பொருள் கற்பிப்பதும் எவர் செய்யினும் ஒன்றாவன அல்ல. 1953இல் மரபணுப்பொருளின் அமைப்பை 'நேச்சர்' இதழில் அறிவித்த வற்சனும் கிறிக்கும் தன்மைப் பன்மை எழுவாயுடனேயே தம் கட்டுரையைத் தொடங்கினர். கருத்து எனக் கருதப்படுகின்றது என்று எழுதும் மாணவன், கருதுபவர் தாமா, பிறரா, எவருமே இல்லையா என்பதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவன்.

தமிழ் உரைநடைக்கு உரிய படிப்பினை

தொழில் நிகழ்வதற்கு வேண்டிய கூறுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியம், வினையையும் வினைமுதலையும் செயப்படுபொருளையும் வேறுவேறாகவே கண்டது. செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறுவதும் வழக்கே என வினையியலில் அது அமைதி கூறுகின்றது. திண்ணை மெழுகிற்று என்பது உரையாசிரியர் காட்டும் உதாரணம். திண்ணை தன்னைத்தான் மெழுகிக்கொள்வதில்லை. ஆயினும் வழக்கு அதனை ஏற்கின்றது. ஆங்கிலத்திலும் இதனை ஒத்த வழக்கு இருந்தது. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றது என்பதைக் குறிக்க 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே முன்னர் கூறினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் 'இஸ் பீயிங் பில்ற்' என்னும் புதுவடிவம் தலைகாட்டியபோது இலக்கணப் பற்றாளர் சினந்தனர். அமெரிக்கரான றிச்சர்ட் கிறான்ற் வைற் 1870இல் வெளியிட்ட நூலில் அதனைக் கடுமையாகத் தாக்கினார். இன்று அவ்வடிவமே நிலைபெற்றுள்ளது. வழக்கே இறுதித் தீர்ப்பாளர் என்ற தொல்காப்பிய நோக்கு ஆங்கிலத்திற்கும் பொருந்துகின்றது.

தமிழிலும் பிற திராவிட மொழிகளிலும் உண்மையான செயப்பாட்டு வடிவம் இல்லை என்றும், 'படு' என்னும் வினையின் துணையால் அக்குறை ஈடுசெய்யப்படுகின்றது என்றும் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திற் கால்டுவெல் கருதினார். 'செயப்படுபொருள்' என்னும் இலக்கணச் சொல்லிலேயே 'படு' இருத்தலால், அது அயலார் புகுத்தியதன்று என்பது தெளிவு. எனினும் அடிபட்டான், மிதிபட்டது, கட்டுண்டான் என்ற இயல்பான வழக்குகளில் 'படு', 'உண்' என்பன துன்பத்தை ஏற்றலையே பெரிதும் சுட்டுகின்றன. பாராட்டப்பட்டான் என்பதிலும் பாராட்டப்பெற்றான் என்பது நன்றென எழுத்தாளர் சிலர் கொள்வது இவ்வுணர்வினாலேயே ஆகும்.

ஆங்கிலத்திற்குச் செயப்பாட்டுவினை தேவையானதற்கு மேற்கூறிய காரணங்கள் தமிழுக்கு இல்லை. வேற்றுமை உருபுகள் நிலைத்திருப்பதால், இராமாயணத்தைக் கம்பர் இயற்றினார் எனச் செயப்படுபொருளை எளிதில் முன்நிறுத்தலாம். வினைமுதல் தெரியாதபோது, கட்டினார்கள், சொல்லுகிறார்கள் எனப் பலர்பால் முற்றே போதுமானது. ஆயினும் ஆங்கில மூலங்களிலிருந்து பெயர்க்கப்படும் நமது அரச அறிவித்தல்களும் பத்திரிகைச் செய்திகளும் 'ஆல்' உருபையும் 'பட்டது' என்னும் ஈற்றையும் எங்கும் பெய்கின்றன. இது அழகு பற்றிய குறை மட்டுமன்று. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவது. சுட்டனர் என்ற ஒரு சொல்லே, எழுவாய் இல்லாதபோதும், சுட்டவர் மனிதர், ஒருவருக்கு மேற்பட்டோர் என்பதை அறிவித்துவிடும். சுடப்பட்டனர் எனின், அதே ஈறு சுடப்பட்டோரைச் சுட்டத் தொடங்கிவிடுகின்றது; செய்தோரின் கடைசி அடையாளமும் அழிகின்றது. ஆங்கில இறந்தகால வினையில் அத்தகைய பால்காட்டும் ஈறு முன்னரே இல்லை. ஆகவே ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியம் மறைப்பதிலும் கூடுதலானதை அதன் தமிழ்ப்பெயர்ப்பு மறைக்கின்றது.

இதற்காகச் செயப்பாட்டுவினையைத் தமிழிலிருந்து விலக்கவேண்டும் எனல் ஓர்வெலின் பிழையை மீண்டும் செய்வதாகும். துன்புற்றோரின் பக்கம் நின்று எழுதுபவனுக்கு அது வேண்டும். செய்தவர் எவரென்று உண்மையிலேயே அறியாதவனுக்கும் வேண்டும். வேண்டப்படுவது விதியன்று, விழிப்பு. ஒரு வாக்கியம் எவரைப் பற்றியது? அச்செயலைச் செய்தவர் தெரிந்தவரா? தெரிந்தவராயின், அவர் பெயர் அங்கே இல்லாமையால் நன்மை அடைபவர் யார்? வாக்கியத்தை மாற்றி எழுதப் பழக்கும் ஆசிரியர் இம்மூன்று வினாக்களையும் உடன் கேட்பாராயின், அப்பயிற்சி இயந்திரப் பயிற்சியாக இராது. அறிக்கை ஒன்றையோ பத்திரிகைச் செய்தி ஒன்றையோ கையிலெடுக்கும் மாணவன் செய்தவனைத் தேடிப் படிக்கக் கற்பான். இலக்கணக் கல்வி அவனுக்கு அளிக்கக்கூடிய பயன்களுள் இது சிறியதன்று.